டிக்கோயாவிலிருந்து டொரொண்டோ எத்தனை தூரம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் விமானக் கதைதான். தோட்டத்துக்குத் தோட்டம் யாராவது ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது, இங்கே இருக்கிறவர்களுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணித்தியாலம் என்ற கேள்வி தீர்வதே இல்லை. அதனால் அரசியல், சினிமா, சம்பளக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

என் மகள் கனடாவில், டொரொண்டோவில் இருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, வரச் சொல்கிறாள். நான் கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. அங்கே எத்தனை கிலோமீட்டர், போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? மருமகன் ஒரு கணக்குச் சொல்கிறார், பக்கத்து லயத்துப் பையன் போனில் பார்த்து வேறு கணக்குச் சொல்கிறான்.
– ஓர் அம்மா, டிக்கோயா

அம்மா, பேரப்பிள்ளை வந்த சேதிக்கு முதலில் என் வாழ்த்து. இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். ஒருவர் ஆகாயத்தில் பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லியிருப்பார், மற்றவர் நடுவில் காத்துக்கிடக்கும் நேரத்தையும் சேர்த்திருப்பார்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டொரொண்டோவுக்கு பூமியின் மேல் ஆகக் குறுக்கான வழியை அளந்தால் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். பூமியை ஒரு சுற்றுச் சுற்றவே 40,000 கிலோமீட்டர்தான், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: நாங்கள் இருப்பது கிழக்கு 80 பாகைக்குப் பக்கத்தில், டொரொண்டோ இருப்பது மேற்கு 80 பாகைக்குப் பக்கத்தில், அதாவது உருண்டையின் கிட்டத்தட்ட மறுபக்கம். அதனால் குறுக்குவழி மேற்கே போகாது. வடக்கே ஏறி இந்தியா, ரஷ்யா, நோர்வேயின் வட முனை, கிரீன்லாந்தின் பனி எல்லாவற்றுக்கும் மேலாகப் போய் கனடாவில் இறங்கும்.

சரி, அந்த வழியில் உங்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு விமானமும் இல்லை. இலங்கைக்கும் கனடாவுக்கும் நேரடிச் சேவை கிடையாது, எங்கேயாவது இறங்கி மாறத்தான் வேண்டும். நம் ஆட்கள் டுபாய், கட்டார், அபுதாபி வழியாகப் போகிறார்கள், சிலர் லண்டன் வழியாக. டுபாய் வழியையே எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் 3,300 கிலோமீட்டர், நாலரை மணித்தியாலம். டுபாயிலிருந்து டொரொண்டோ 11,100 கிலோமீட்டர், அது ஒரே இழுவையில் பதினான்கு மணித்தியாலம். இரண்டையும் கூட்டினால் 14,400. பார்ப்பதற்குச் சுற்றுவழி மாதிரி இருந்தாலும் குறுக்குவழியைவிட 400 கிலோமீட்டர்தான் கூட, நீங்கள் ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரம்.

ஆகப் பறக்கும் நேரம் பதினெட்டரை மணித்தியாலம். மருமகனின் கணக்கு இதுவாக இருக்கும். ஆனால் நீங்கள் வீட்டு வாசலிலிருந்து அல்லவா கிளம்புகிறீர்கள்? டிக்கோயாவிலிருந்து வேன் பிடித்து, கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி, கித்துல்கலையில் ஒரு தேத்தண்ணி குடித்து, அவிசாவளை நெரிசலையும் தாண்டிக் கட்டுநாயக்கவுக்குப் போக ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் என்றால் அதற்கும் மேலே ஒன்று. விமானம் கிளம்ப மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும். டுபாயில் மாறுவதற்கு நாலு மணித்தியாலம். அங்கே போய் இறங்கியதும் கடவுச்சீட்டு வரிசை, பெட்டி எடுப்பது, மகள் வீட்டுக்குக் கார், அது ஒரு இரண்டு. எல்லாம் சேர்ந்து முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று மணித்தியாலம் ஆகிவிடுகிறது. பையனின் கணக்கைவிடவும் இது கூடத்தான் இருக்கும், போனுக்கு டிக்கோயா ரோட்டு தெரியாதே!

டிக்கட் போடும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் சுணங்கி இரண்டாவது தவறிப்போனால் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் பெரும்பாலும் நேரே டொரொண்டோவுக்கே போய்விடும். மலிவென்று தனித்தனியாக வாங்கினால் நடுவில் நின்று அழவேண்டியது நீங்கள்தான். இன்னொன்று, சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று டிக்கட்டோடேயே எழுதச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். வயதான ஒருவர், மொழி தெரியாத பெரிய விமான நிலையத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விமானம் மாறப் போகிறார் என்றால், வழி தெரிந்த ஒருவர் கூட வருவதே பெரிய காரியம்.

நேர வித்தியாசமும் இருக்கிறது. டொரொண்டோ நம்மைவிடப் பின்னால், அங்கே குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவதால் இந்த ஒரு மணித்தியாலம் ஏறி இறங்கும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் பறக்கத் தொடங்கினால் அங்கே போய் இறங்கும்போதும் வெள்ளிக்கிழமை இரவாகவே இருக்கும். உங்கள் வாழ்க்கையில் இவ்வளவு நீண்ட வெள்ளிக்கிழமை வந்திருக்காது.

போன இதழில் "பதுளைக்குக் கோச்சியில் போகிற நேரத்தில் லண்டனுக்கே போய்விடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரைக் கேலி செய்கிறீர்களா, அல்லது உண்மையாகவே கணக்குப் பார்த்தீர்களா?
– ஒரு வாசகர், பதுளை

கேலிக்குத்தான் எழுதினேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த பிறகு கணக்கைப் பார்த்தேன், கேலி அவ்வளவு தூரம் பொய்யில்லை.

கொழும்புக்கும் பதுளைக்கும் காகம் பறக்கிற தூரம் 135 கிலோமீட்டர் கூட இல்லை. ரயில் பாதையோ 292 கிலோமீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். மலையைக் குடைய முடிந்த இடத்தில் குடைந்து, முடியாத இடத்தில் சுற்றி, பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உயரத்துக்கு ஏறி, பிறகு தெமோதரையில் தன் வாலைத் தானே சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிற பாதை அது. வெள்ளைக்காரன் 1867 இல் கண்டிக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் கொண்டுவந்ததைப் பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க 1924 ஆனது. மண்சரிவு இல்லாத நல்ல நாளில் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ஒன்பது, பத்து மணித்தியாலம். கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் பதினொரு மணித்தியாலம். ஆக, ஒரு மணித்தியால வித்தியாசத்தில் நான் தோற்றுவிட்டேன். பதுளைதான் கிட்ட.

கோச்சி சுணங்கினால் மறுபடி பேசுவோம்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அப்படியென்றால் ஹெலிகொப்டரில் நேரே மேலே ஏறி அந்தரத்தில் நின்றால், பூமி சுற்றி லண்டன் கீழே வந்ததும் இறங்கிவிடலாமே? ஏன் எரிபொருளை வீணாக்க வேண்டும்? வகுப்பில் கேட்டேன், சேர் சிரித்துவிட்டார்.
– ஒரு மாணவன், தலவாக்கலை

தம்பி, சிரிக்கிற கேள்வி இல்லை இது. பெரிய ஆட்களே கேட்டுக் குழம்பிய கேள்வி.

அடுத்த முறை கோச்சியில் போகும்போது ஒரு கடலையை மேலே எறிந்து வாயில் பிடித்துப் பார். கடலை அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் கோச்சி முன்னால் போய்விடுகிறதே, கடலை பின் பெட்டிக்காரர் தலையிலா விழுகிறது? உன் கைக்கே வருகிறது. ஏனென்றால் கடலையும் கோச்சியின் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே இருக்கிற காற்றும் அப்படித்தான். பூமியும் அப்படியே. இலங்கை இருக்கிற இடத்தில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. நீ, நான், தேயிலைச் செடி, மேலே இருக்கிற காற்று, அந்த ஹெலிகொப்டர், எல்லாமே அதே ஓட்டத்தில்தான். காற்று மட்டும் சேர்ந்து ஓடாமல் நின்றிருந்தால் நமக்கு எந்நேரமும் 1,660 கிலோமீட்டர் வேகப் புயல் அடித்துக்கொண்டிருக்கும், தலவாக்கலையில் ஒரு தகரக் கூரை மிஞ்சாது.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை உன் சேரிடமும் சொல்லு. உன் யோசனை பலித்தாலும் லண்டன் கீழே வராது. நாங்கள் வடக்கே 7 பாகையில், லண்டன் வடக்கே 51 பாகையில். நீ அந்தரத்தில் நின்றால் கீழே வருவது மாலைதீவின் வட முனை, பிறகு சோமாலியா, எத்தியோப்பியா, கடைசியில் வெனிசுவேலா. விசா எதற்கு எடுப்பாய்?

என் கணவர் டுபாயில் வேலை. லீவு முடிந்து போகும் டிக்கட்டில் கட்டுநாயக்கவில் காலை 10.00, டுபாயில் பகல் 1.00 என்று இருக்கிறது. வரும் டிக்கட்டில் டுபாயில் பகல் 2.30, இங்கே இரவு 8.20 என்று இருக்கிறது. போக மூன்று மணித்தியாலம், வர ஆறு மணித்தியாலமா? திரும்பும்போது பழைய விமானத்தில் ஏற்றுகிறார்களா?
– ஒரு தங்கை, மஸ்கெலியா

பழைய விமானம் இல்லை தங்கச்சி, ஒரே ரகமாகவே இருக்கும். டிக்கட்டில் அச்சடிக்கிற நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் மணிக்கூடு. டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அவர் அங்கே பகல் ஒரு மணிக்கு இறங்கும்போது மஸ்கெலியாவில் உங்கள் சுவர் மணிக்கூட்டில் இரண்டரை. ஆக அவர் பறந்தது நாலரை மணித்தியாலம். வரும்போது டுபாய் இரண்டரை என்றால் நமக்கு நாலு மணி, எட்டு இருபதுக்கு வந்து இறங்குகிறார், நாலு மணியும் இருபது நிமிஷமும். பார்த்தால் போவதைவிட வருவதுதான் கொஞ்சம் சீக்கிரம். இரண்டு நேரத்தையும் இலங்கை நேரமாக மாற்றிவிட்டு அப்புறம் கழித்தால் எந்த ஊராக இருந்தாலும் விடை சரியாக வரும். கட்டார், சவூதி, குவைத் மூன்றும் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை முன்னால்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது, நள்ளிரவு விமானம். எங்கள் வீட்டிலேயே நடந்தது. தம்பிக்கு 15 ஆம் திகதி 00.40 என்று டிக்கட். டிக்கட் எடுத்துக் கொடுத்தவர் ஒரு துண்டில் "15, இரவு 12.40" என்று கையால் எழுதித் தந்திருந்தார். நாங்களும் 15 ஆம் திகதி பகல் சாப்பாட்டை நிதானமாக முடித்து, கோயிலில் தேங்காய் உடைத்து, ஊர் சனம் எல்லாம் வழியனுப்பி, இரவு ஒன்பது மணிக்கு எயார்போட் வாசலில் போய் நின்றோம். விமானம் இருபது மணித்தியாலத்துக்கு முன்னாலேயே போய்விட்டது! 15 ஆம் திகதி 00.40 என்றால் 14 ஆம் திகதி ராத்திரியே போய் நிற்க வேண்டும். புது டிக்கட்டுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அந்த ஆளைத் திட்டி என்ன செய்ய, டிக்கட்டை நாங்களும்தான் விரித்துப் பார்க்கவில்லை.

பண்டாரவளைக்காரர்களுக்கு மத்தளை விமான நிலையம் கிட்டத்தானே. ஏன் கட்டுநாயக்கவுக்கே போய் அலைகிறோம்?
– ஒரு வாசகர், பண்டாரவளை

கிட்டத்தான். வெல்லவாய இறங்கினால் பாதி வழி வந்த மாதிரி. 2013 இல் திறந்தார்கள், ஓடுபாதை பெரிது, கட்டடம் பெரிது, எல்லாம் இருக்கிறது. நீங்கள் போக வேண்டிய ஊருக்கு விமானம் ஒன்று மட்டும்தான் வேண்டும்.

நான் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். லண்டனுக்கு ஒரு முறை போய் வந்தேன். முன்னால் இருந்த திரையில் விமானத்தின் பாதை வில் மாதிரி வளைந்து தெரிந்தது. காரணம் எனக்குத் தெரியும், உங்கள் வாசகர்களுக்காகக் கேட்கிறேன். போகும்போது எடுத்த நேரம் வரும்போது எடுக்கவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.
– ஓர் ஆசிரியர், ஹப்புத்தளை

சேர், இது கேள்வியா, சோதனையா? எழுதிவிட்டேன், புள்ளி போடுங்கள்.

ஒரு தோடம்பழத்தை எடுத்து இரண்டு இடத்தில் புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் குறுக்குவழி. அந்த நூல் போன கோட்டைப் பேனையால் வரைந்துகொண்டு தோலை உரித்து மேசையில் தட்டையாக அமுக்கிப் பாருங்கள், கோடு வளைந்துவிடும். தோலும் கிழியும். உலகப் படம் வரைகிறவர்கள் அந்தக் கிழிசலை மறைப்பதற்காக வட பக்கத்தையும் தென் பக்கத்தையும் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், அதனால்தான் கிரீன்லாந்து ஆபிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆபிரிக்காவுக்குள் பதினான்கு கிரீன்லாந்தைப் போடலாம். வளைவு படத்தில்தான், விமானம் முடிந்த மட்டும் நேராகவே போகிறது.

முடிந்த மட்டும் என்று சொன்னதற்குக் காரணம், வானத்திலும் கேட் போட்டு மூடுகிறார்கள். 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரேன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடியே இருக்கிறது. மத்திய கிழக்கில் குண்டு போட்டால் அன்றைக்கே பத்து விமானம் திசை மாறும். நூல் காட்டுகிற வழியில் இப்போதெல்லாம் போக முடிவதில்லை.

நேர வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஒரு காற்று ஓடுகிறது, சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலே. லண்டனுக்குப் போகும்போது அதை எதிர்த்து நீந்துகிறோம், வரும்போது அது நம்மைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் மிச்சமாவது சாதாரணம். 2020 பெப்ரவரியில் அட்லாண்டிக்கில் ஒரு புயல் வந்தபோது நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. வழக்கமாக ஆறரை, ஏழு எடுக்கிற பயணம்.

விமானத்தில் ஏறினால் மூச்சு முட்டுமா? எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, முதல் பயணம், பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, நுவரெலியா

மருந்து பற்றி உங்கள் டொக்டரைக் கேளுங்கள், இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மற்றபடி நுவரெலியாக்காரருக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். விமானம் பறப்பது பதினோராயிரம் மீற்றரில் என்றாலும் உள்ளே காற்றை அமுக்கி வைத்திருக்கிறார்கள். புது ரக விமானங்களில் உள்ளே இருக்கும் காற்று 1,800 மீற்றர் மலையில் இருக்கிற காற்றுக்குச் சமம், பழைய ரகங்களில் 2,400 மீற்றர் வரை போகும். உங்கள் ஊர் 1,868 மீற்றர். கொழும்புக்காரனுக்குத்தான் விமானம் மலை ஏறுகிற மாதிரி, உங்களுக்கு அது வீட்டில் இருக்கிற மாதிரி. கீழே வாங்கி வந்த முறுக்குப் பைக்கற் நுவரெலியாக் கடையில் உப்பிக்கொண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, விமானத்திலும் அதே போல் உப்பும்.

காது அடைப்பது ரம்பொடையில் இறங்கும்போது அடைக்கிற மாதிரித்தான். ஒரு டொபி போட்டு மென்று விழுங்கிக்கொண்டே இருங்கள். காற்று மிகவும் வறண்டது, தண்ணீர் அடிக்கடி குடியுங்கள்.

உலகத்திலேயே நீண்ட நேரம் பறக்கிற விமானம் எது?
– ஓர் இளைஞர், ஹட்டன்

இன்றைக்கு டிக்கட் வாங்கி ஏறக்கூடியதில் சிங்கப்பூர்–நியூயோர்க். ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் எங்கேயும் இறங்காமல்.

ஆனால் தூரத்தை விட்டு நேரத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பெருமை நம் நாட்டுக்கு வருகிறது, இது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் 1942 இல் சிங்கப்பூர் ஜப்பான்காரர் கைக்குப் போனதும் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானப் பாதை அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க 1943 இலிருந்து 1945 வரை பேர்த் நகரத்திலிருந்து காலிக்குப் பக்கத்தில் இருக்கிற கொக்கலை வாவிக்கு, கட்டலினா என்ற நீரில் இறங்கும் விமானத்தில் ஆள் அனுப்பினார்கள். தூரம் ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் விமானம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது, எரிபொருளை ஏற்றிய பிறகு மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இடமில்லை. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று வானொலியை மூடிவிட்டு நட்சத்திரத்தைப் பார்த்து வழி பிடித்தார்கள். இருபத்தேழு மணித்தியாலத்திலிருந்து முப்பத்திரண்டு மணித்தியாலம் வரை எடுத்தது. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிப்பதைப் பார்த்ததால் பயணிகளுக்கு "இரட்டைச் சூரியோதயம்" என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். டிக்கோயா அம்மாவுக்கும் முப்பத்திரண்டு மணித்தியாலம் வருகிறது, அவருக்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

என் பெரியப்பா குடும்பம் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனது. இப்போது கோத்தகிரியில் இருக்கிறார்கள், பெரியப்பாவுக்குத் தொண்ணூறு வயது. அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். எது கிட்டின வழி?
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

ஐயா, இந்தக் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். பொகவந்தலாவையிலிருந்து கோத்தகிரிக்குக் காகம் பறக்கிற தூரம் ஏறத்தாழ 660 கிலோமீட்டர். டுபாய் தூரத்தில் ஐந்தில் ஒன்று.

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் போங்கள். 420 கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம், சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்த கையோடு பிடுங்கிவிடுவார்கள். திருச்சியிலிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு மலை ஏறும் பஸ்ஸில் 33 கிலோமீட்டர் கோத்தகிரி. தரைவழி மட்டும் ஏழெட்டு மணித்தியாலம். மதுரைக்குப் பறந்தாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். சென்னைக்குப் போய் அங்கே மாறிக் கோயம்புத்தூருக்குப் பறக்கவும் செய்யலாம், காசு கூடும், உட்கார்ந்திருக்கும் நேரம் குறையும். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 இல் தொடங்கிய கப்பலும் இருக்கிறது, கடலில் நாலு மணித்தியாலம். ஆனால் பொகவந்தலாவையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போவதே ஒரு நாள் வேலை, கடல் கொந்தளித்தால் ஓடவும் மாட்டாது. உங்களுக்கு அது தோதுப்படாது.

அவர்கள் போன வழி உங்களுக்கு நினைவிருக்கும். 1964 இல் போட்ட அந்தச் சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் தோட்டத்துச் சனத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி படுக்கையைக் கட்டி, தலைமன்னார் கோச்சியில் ஏறி, கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அந்தக் கோச்சிக்கு நம் சனம் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தது. முப்பது கிலோமீட்டர் சொச்சக் கடல்தான் நடுவில். அதைக் கடந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வந்து ஊரைப் பார்க்கவில்லை, இங்கிருந்தும் போய்ப் பார்க்கவில்லை. தூரம் என்று சொல்லி நான் எழுதுகிற கிலோமீட்டர் எதுவும் அதற்குப் பொருந்தாது.

தொண்ணூறு வயது என்கிறீர்கள், டிக்கட் விலை இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விசாவுக்கு இந்த வாரமே போடுங்கள். போகும்போது அவர் இருந்த லயத்தையும் கோயிலையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள், எந்த மலையில் இப்போது எந்தக் கொழுந்து எடுக்கிறார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர் அதைத்தான் முதலில் விசாரிப்பார்.

சிங்கப்பூருக்குப் போகிறோம். பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. எந்தப் பக்கம் எடுக்கலாம்?
– ஒரு தாய், கொட்டகலை

வலது பக்கம். கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கு நூல் பிடித்தால் அது கிட்டத்தட்ட நுவரெலியாவுக்கு மேலாகத்தான் போகிறது. விமானி அந்த வழியே எடுத்து, பகல் விமானமாகவும் இருந்து, மேகமும் விட்டுக்கொடுத்தால், ஏறிப் பத்து நிமிஷத்துக்குள் வலது ஜன்னலில் சிவனொளிபாதமலை கூராகத் தெரியும், அதற்கு இந்தப் பக்கம் உங்கள் ஊர். காலையில் கொட்டகலையிலிருந்து புறப்பட்டு நாலு மணித்தியாலம் இறங்கி வந்த வழியைப் பத்து நிமிஷத்தில் தாண்டிவிடுவீர்கள். திரும்பி வரும்போது மற்றப் பிள்ளைக்கு இடது பக்கம் கொடுங்கள், சண்டை தீர்ந்தது.